திருச்சிக்கும் அணுகுண்டுக்கும் என்ன சம்பந்தம்?

கொஞ்சம் நீளமான த்ரெட். டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

சளி, காய்ச்சல், சுகர் மாத்திரைன்னு எழுதிக்கிட்டு இருந்த ஆள் திடீர்னு வெளியுறவுத் துறை பத்தி எழுதறானேன்னு நினைக்க வேண்டாம். சுத்திச் சுத்தி இது ஆஸ்பத்திரி வாசல்லதான் வந்து நிக்கும்.

போன வருஷம் அக்டோபர் 30-ம் தேதி, அமெரிக்க அதிபர் ட்ரம்ப் ஒரு பதிவு போட்டார். மத்த நாடுகள் செய்யறதுக்குச் சமமா நாங்களும் அணு ஆயுதச் சோதனையைத் தொடங்கப் போறோம்னு. (அது வெடிப்பு இல்லாத சோதனைதான்னு சில நாள் கழிச்சு அவங்க எரிசக்தி அமைச்சர் விளக்கம் சொன்னார். அதை யார் படிச்சாங்க?)

அன்னிக்கு எனக்கு நைட் டூட்டி. ராத்திரி ஒன்றரை மணி இருக்கும், வார்டு கொஞ்சம் அடங்கியிருந்தது. ஹவுஸ் சர்ஜன் தம்பி ஒருத்தர் போனைக் காட்டினார்.

"சார், அவங்களே பண்றாங்க. இதான் சாக்கு. நாமளும் இன்னொரு தடவை வெடிச்சுப் பார்த்துடணும். 98-ல பெரிய குண்டு சரியா வெடிக்கலையாம்ல?"

நல்ல பையன். பச்சைக் குழந்தைக்கும் ஒரே குத்துல வென்ஃப்ளான் போடுவார். அதனால திட்டலை. "வா, முதல்ல பர்ன்ஸ் பெட்டைப் பார்த்துட்டு வந்து பேசுவோம்"னு கூட்டிட்டுப் போனேன்.

அங்க ஒரு அம்மா. கேஸ் அடுப்பு விபத்து. எடை 60 கிலோ, உடம்புல 40 சதவீதம் தீக்காயம். இந்த மாதிரி நோயாளிக்கு முதல் 24 மணி நேரத்துல எவ்வளவு ட்ரிப்ஸ் ஏத்தணும்னு ஒரு கணக்கு இருக்கு. பார்க்லேண்ட் ஃபார்முலா. ஒரு கிலோ எடைக்கு, ஒரு சதவீதக் காயத்துக்கு 4 மில்லி. 4 x 60 x 40. மொத்தம் 9,600 மில்லி. அதுல பாதி, காயம்பட்ட முதல் 8 மணி நேரத்துக்குள்ள போயாகணும். அரை லிட்டர் பாட்டில்னா ஏறத்தாழ 20 பாட்டில். ஒருத்தருக்கு. ஒரு நாளைக்கு.

அதோட முடியலை. மணிக்கு மணி சிறுநீர் எவ்வளவு வருதுன்னு அளந்து எழுத ஒரு நர்ஸ் வேணும். டிரெஸ்ஸிங் மாத்தும்போது வலி தெரியாம இருக்க மருந்து, அதைக் கொடுக்க மயக்க மருந்து டாக்டர். ரத்தம். தோல் ஒட்டு ஆபரேஷன். அந்த அம்மா ஏழு வாரம் இருந்தாங்க. நடந்தே வீட்டுக்குப் போனாங்க. வார்டுல எல்லாருக்கும் அன்னிக்கு ஸ்வீட்.

இப்போ தம்பிகிட்ட கேட்டேன்: "இதே மாதிரி ஆயிரம் பேர் ஒரே காலையில வந்தா?"

ஆயிரம் பேருக்கு முதல் நாள் மட்டும் 9,600 லிட்டர். 19,200 பாட்டில். தம்பி போன்ல கால்குலேட்டரைத் திறந்தார், மூடிட்டார்.

ஆயிரம்ங்கறதே ரொம்பக் குறைச்சலான எண்ணிக்கை. 1945 ஆகஸ்ட் 6 காலை 8:15-க்கு ஹிரோஷிமா மேல வெடிச்ச குண்டோட சக்தி சுமார் 15,000 டன் டி.என்.டி. இன்னிக்குக் கணக்குக்கு அது சின்னக் குண்டு. அந்த வருஷம் முடியறதுக்குள்ள செத்தவங்க சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் பேர்.

நம்ம ஊர் அளவுல இது எவ்வளவுன்னு புரியணுமே. திருச்சியை யாரும் குறி வெச்சிருக்கான்னு நான் சொல்ல வரலை. அளவு புரியறதுக்கு மட்டும் ஒரு வரைபடம். மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையார் கோயிலை நடுவுல வெச்சு ஒரு வட்டம் போடுங்க.

ஹிரோஷிமாவில் சுமார் 2 கிலோமீட்டர் சுற்றளவுக்கு ஊர் கிட்டத்தட்ட தரைமட்டம். இங்கே அந்த வட்டத்துக்குள்ள தெப்பக்குளம், சின்னக்கடை வீதி, மெயின்கார்டு கேட், சத்திரம் பஸ் ஸ்டாண்டு, காந்தி மார்க்கெட் எல்லாம் வந்துடும். புத்தூர் ஜிஎச் அந்தக் கோட்டு மேலயே உட்கார்ந்திருக்கும். வெறும் தோல் கருகினது சுமார் மூன்றரை கிலோமீட்டர் வரைக்கும். அம்மா மண்டபம் படித்துறையில முங்கி எழுந்திரிக்கிறவங்க முதுகு அந்த எல்லைக்குள்ள வருது. ரங்கநாதர் கோயில் கொஞ்சம் தள்ளி, அவ்வளவுதான்.

சரி, ஆஸ்பத்திரி என்ன ஆகும்? ஜான் ஹெர்சி 1946-ல் எழுதின ஹிரோஷிமா பதிவை எம்பிபிஎஸ் படிக்கிற எல்லாரும் ஒரு தடவையாவது படிக்கணும்னு நான் சொல்வேன். அந்த ஊர்ல இருந்த 150 டாக்டர்கள்ல 65 பேர் செத்துட்டாங்க, மீதிப் பேர்ல பெரும்பாலோருக்குக் காயம். 1,780 நர்ஸுங்க இருந்தாங்க. அதுல 1,654 பேர் இறந்தோ, வேலை பார்க்க முடியாத அளவுக்குக் காயம்பட்டோ போனாங்க. ஊர்லேயே பெரிய செஞ்சிலுவை ஆஸ்பத்திரி, குண்டு விழுந்த இடத்துலேருந்து ஒன்றரை கிலோமீட்டர். 600 படுக்கை. எல்லாத்துலயும் ஏற்கெனவே ஆள். அன்னிக்கு உள்ளே வந்த காயக்காரங்க 10,000 பேருக்குக் குறையாது.

அந்த ஆஸ்பத்திரியில காயமே படாத ஒரே டாக்டர், டெருஃபூமி சசாகி. வயசு 25. கண்ணாடி தெறிச்சுப் போச்சு. காயம்பட்ட ஒரு நர்ஸோட கண்ணாடியைக் கழற்றிப் போட்டுக்கிட்டு வேலையை ஆரம்பிச்சார். "உன்னைவிட ரெண்டு வயசு கூட இருப்பார், அவ்வளவுதான்"னு தம்பிகிட்ட சொன்னேன்.

இதுக்குச் சிகிச்சை கிடையாது. தடுப்பு மட்டும்தான். இதைச் சொன்னதுக்காகத்தான் அமெரிக்க இருதய டாக்டர் பெர்னார்ட் லௌனும் சோவியத் இருதய டாக்டர் எவ்கேனி சாசோவும் சேர்ந்து ஆரம்பிச்ச டாக்டர்கள் அமைப்புக்கு 1985-ல் அமைதிக்கான நோபல் பரிசு கொடுத்தாங்க. நம்ம வார்டுல ஷாக் கொடுக்கற டீஃபிப்ரிலேட்டர் இருக்கே, அது இன்னிக்கு இருக்கற வடிவத்துக்கு வந்ததுல பெரிய பங்கு இந்த லௌனோடதுதான்.

சரி, தடுப்பு எங்கே நடக்குது? ஆஸ்பத்திரியில இல்லை. டெல்லியில, ஏசி ரூம்ல, ரெண்டு கொடிக்கு நடுவுல ரெண்டு அமைச்சர்கள் கைகுலுக்கற இடத்துல நடக்குது. மறுநாள் பேப்பர்ல "இருதரப்பு உறவை வலுப்படுத்த உறுதி"ன்னு ஒரு வரி வரும். நாம அதைத் தாண்டி ராசிபலன் பக்கம் போயிடுவோம்.

அப்படி நாம தாண்டிப் போன ஒரு வருகையைப் பத்தித்தான் இந்த த்ரெட்.

2010 ஆகஸ்ட் 21. ஜப்பான் வெளியுறவு அமைச்சர் கட்சுயா ஒகாடா டெல்லியில் நம்ம வெளியுறவு அமைச்சர் எஸ்.எம். கிருஷ்ணாவைச் சந்திச்சார். ரெண்டு நாட்டுக்கும் அணுசக்தி ஒத்துழைப்பு ஒப்பந்தம் போடற பேச்சு அந்த ஜூன் மாசம்தான் தொடங்கியிருந்தது. ஒகாடா கொண்டு வந்த விஷயம் ஒண்ணே ஒண்ணு: இந்தியா மறுபடி அணுகுண்டு சோதனை செஞ்சா, ஒத்துழைப்பை நிறுத்தறதைத் தவிர எங்களுக்கு வேற வழி இருக்காது. இதை மூடி மறைக்காம பத்திரிகைக்காரங்ககிட்டயும் சொன்னார்.

நமக்கு ஏன் ஜப்பான் வேணும்? அணு உலையோட பிரம்மாண்டமான இரும்பு அழுத்தக் கலனைச் செய்ய உலகத்துலேயே ரொம்பச் சில ஆலைகள்தான். அதுல முக்கியமானது ஜப்பான் ஸ்டீல் வொர்க்ஸ். வெஸ்டிங்ஹவுஸ் அப்போ தோஷிபா கையில. ஜிஇ, ஹிட்டாச்சியோட கூட்டு. ஆக அமெரிக்கா, பிரான்ஸ் கம்பெனிகள் நமக்கு உலை விற்கணும்னாலும் டோக்கியோ தலையாட்டணும்.

ஒகாடாவுக்கு இது சுலபமான பயணம் இல்லை. அதுக்கு 12 நாள் முன்னாடி, ஆகஸ்ட் 9 அஞ்சலி நாள்ல, நாகசாகி மேயர் தன் அமைதிப் பிரகடனத்துலேயே சொந்த நாட்டு அரசைக் கண்டிச்சிருந்தார். அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடாத, குண்டு வெச்சிருக்கற இந்தியாவோட எப்படிப் பேசலாம்னு. குண்டுக் காயத்தோட உயிரோட இருக்கற பெரியவங்க அந்தக் கூட்டத்துல உட்கார்ந்திருக்காங்க. அவங்க முகத்தைப் பார்த்துட்டு டெல்லிக்கு ஃப்ளைட் ஏறின மனுஷன் வெறுங்கையோட வர முடியாது.

நம்ம பதில் என்ன? நாங்க தானா முன்வந்து சோதனையை நிறுத்தி வெச்சிருக்கோம், அதுல உறுதியா இருக்கோம்னு கிருஷ்ணா சொன்னார். அது சரியான பதில்தான். ஆனா டிவியிலயும் பேப்பர்லயும் தொனி வேற. "இவங்க யார் நமக்குக் கட்டளை போட?"

பொய் சொல்ல மாட்டேன், நானும் அந்தக் கூட்டம்தான். அப்போ எம்பிபிஎஸ் மாணவன். ஹாஸ்டல் மெஸ்ல இட்லியைத் தொட்டுக்கிட்டே பேப்பரைப் படிச்சு ரத்தம் கொதிச்சவன். இன்னிக்கு ஹவுஸ் சர்ஜன் தம்பி பேசறது அன்னிக்கு நான் பேசினது.

அந்தக் கோபத்துக்கு நியாயம் இல்லைன்னும் சொல்ல மாட்டேன். அதோட வலுவான வாதத்தை எழுதின ஆளே நம்ம ஊர்தான். கே. சுப்ரமணியம், 1929-ல் திருச்சியில் பிறந்தவர். இந்தியாவோட அணு ஆயுதக் கொள்கையைச் செதுக்கினதுல முதல் வரிசை. இப்போதைய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரோட அப்பா. அமெரிக்காவோட நடந்த அணுசக்தி ஒப்பந்தப் பேச்சுல மகன் அதிகாரியா மேஜையில உட்கார்ந்திருந்தப்போ, அப்பா வெளியில அதை ஆதரிச்சு எழுதிக்கிட்டிருந்தார்.

சுப்ரமணியமும் அவரை மாதிரி யோசிச்சவங்களும் கேட்ட கேள்வி இது: 1967 ஜனவரி 1-க்கு முன்னாடி வெடிச்சவன் குண்டு வெச்சுக்கலாம், அதுக்கு அப்புறம் வந்தவன் வெச்சுக்கக் கூடாது, இது என்ன நியாயம்? சீனா 1964-ல் வெடிச்சது, அதனால சீனா சட்டப்படி அணு ஆயுத நாடு. 1962-ல் அவங்ககிட்ட அடி வாங்கின நாம கைகட்டி நிக்கணுமா?

இதுக்கு இன்னிக்கு வரைக்கும் யாரும் நேரான பதில் சொல்லலை. போதாக்குறைக்கு ஜப்பானே அமெரிக்க அணு ஆயுதக் குடை நிழல்ல நிக்கற நாடு. (இதை மறைக்காத ஆளும் ஒகாடாதான். அணு ஆயுதம் ஏத்தின அமெரிக்கக் கப்பல்கள் ஜப்பான் துறைமுகத்துக்கு வர அனுமதிச்ச பழைய ரகசிய உடன்பாட்டைத் தோண்டி எடுக்க உத்தரவு போட்டவர் அவர். 2010 மார்ச்ல அந்த விசாரணை அறிக்கை வெளிவந்தது. சொந்த வீட்டுக் குப்பையைக் கூட்டிட்டுத்தான் நம்ம வாசலுக்கு வந்தார்.)

அப்புறம் "98-ல சரியா வெடிக்கலை" கதை. அது வாட்ஸ்அப் வதந்தி இல்லை. பொக்ரான் சோதனைக் குழுவில் இருந்த கே. சந்தானமே 2009 ஆகஸ்ட்ல சொன்னது: ஹைட்ரஜன் குண்டு எதிர்பார்த்த அளவு வெடிக்கலை, இன்னும் சோதனை வேணும். இல்லை, வெற்றிதான்னு மறுத்தவர் அப்துல் கலாம். அவரும் நம்ம ஊர் தண்ணி குடிச்சவர்தான், 1954 வரைக்கும் தெப்பக்குளம் பக்கத்து செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படிச்சார். யார் சொன்னது சரின்னு தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனா ஒகாடா வந்த நேரத்துல "இன்னொரு தடவை" அப்படிங்கற பேச்சு டெல்லியில உயிரோட இருந்தது. அதனாலதான் அவர் நிபந்தனை அவ்வளவு சுட்டது.

நான் மனசு மாறினது ஒரே நாள்ல இல்லை. பர்ன்ஸ் வார்டு போஸ்டிங் ஒரு பாதி. இன்னொரு பாதி, ஒகாடா கொண்டு வந்த நிபந்தனை முதல்ல யாரோடதுன்னு தேடிப் பார்த்தது.

அது நம்மளோடது.

1954 மார்ச் 1. பசிபிக் கடல்ல பிகினி தீவுல அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டைச் சோதிச்சது. நூறு கிலோமீட்டருக்கும் அப்பால மீன் பிடிச்சுக்கிட்டிருந்த ஒரு ஜப்பான் படகு மேல வெள்ளைச் சாம்பல் மழையா கொட்டிச்சு. படகோட பேர் அதிர்ஷ்ட டிராகன்னு அர்த்தம் வரும், கொடுமையைப் பாருங்க. 23 பேர். வாந்தி, தோல் கருகல், முடி கொட்டல், ரத்த அணுக்கள் சரிவு. படகோட ரேடியோ ஆபரேட்டர் செப்டம்பர்ல செத்தார். போர் இல்லை, எதிரி இல்லை. வெறும் சோதனை.

அதே வருஷம் ஏப்ரல் 2, நேரு மக்களவையில் எழுந்து, எல்லா நாடும் அணுகுண்டுச் சோதனையை உடனே நிறுத்தி வைக்க ஒரு உடன்பாடு வேணும்னு கேட்டார். உலகத் தலைவர்கள்ல அப்படிக் கேட்டதுல முதல் ஆள் அவர். ஜப்பான் மீனவர்களுக்காக இந்தியா கேட்டது. 56 வருஷம் கழிச்சு ஜப்பான் அமைச்சர் அதையே நம்மகிட்ட கேட்டப்போ நமக்குக் கோபம் வந்தது.

இன்னொரு ஆளைச் சொல்லணும். ராஜாஜி. அவர் அரசியல்ல பாதியை நானும் ஒத்துக்க மாட்டேன், தமிழ்நாட்டுல பெரும்பாலோர் ஒத்துக்க மாட்டீங்க. குலக்கல்வித் திட்டத்தை மறந்துட்டான்னு கமெண்ட்ல வராதீங்க, மறக்கலை. ஆனா 1962 செப்டம்பர் 28-ம் தேதி, 83 வயசுல, வாஷிங்டன் போய் கென்னடி முன்னாடி உட்கார்ந்து அணுகுண்டுச் சோதனையை நிறுத்துங்கன்னு கேட்டவர் அவர். அப்போ அவர் அமைச்சர் கிடையாது, எந்தப் பதவியும் கிடையாது. நேருவை எதிர்த்து சுதந்திரா கட்சி நடத்திக்கிட்டிருந்தார். காந்தி அமைதி நிறுவனத்தோட தூதுக்குழுவுல போனார். அந்த ஒரு வருஷத்துல மட்டும் உலகத்துல 170-க்கும் மேல சோதனைகள் நடந்தன. அவர் கென்னடியைப் பார்த்து மூணு வாரம் கூட ஆகலை, கியூபா ஏவுகணை நெருக்கடி வந்து உலகம் விளிம்புல நின்னது. அடுத்த ஆகஸ்ட்ல வான்வெளி, கடல், விண்வெளிச் சோதனைகளைத் தடுக்கற ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. இந்தியா உடனே சேர்ந்தது. ராஜாஜி போனதாலதான் நடந்துச்சுன்னு நான் சொல்லலை. ஆனா கேட்ட குரல்கள்ல ஒண்ணு நம்மளோடது.

இதே ராஜாஜி 1930 ஏப்ரல் 13-ல் வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்கக் கிளம்பினது எந்த வீட்டுலேருந்து தெரியுமா? திருச்சி கன்டோன்மென்ட்ல டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டுலேருந்து. ராஜன் ஸ்ரீரங்கத்துக்காரர். டாக்டர். 1937 மந்திரிசபையில் பொது சுகாதார அமைச்சர். எங்க தெருக்காரர்னு பெருமையா சொல்லிக்க ஒரு ஆள் எனக்கும் வேண்டாமா?

இப்போ ஆஸ்பத்திரி வாசலுக்கு வரேன்.

"இருதரப்பு உறவு"ன்னா என்ன? எனக்கு அது லிஃப்ட் வேலை செய்யற ஆபரேஷன் தியேட்டர். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் புதுசா நிக்கற டவர் பிளாக், ஜைக்கான்னு சொல்ற ஜப்பான் நிதி நிறுவனத்தோட கடன்ல கட்டினது. கீழ்ப்பாக்கத்துலயும் கோயம்புத்தூர்லயும் அதே திட்டம். மதுரை எய்ம்ஸுக்கும் பெரும்பகுதி ஜைக்கா கடன்தான் (செங்கல் கதையை இங்க மறுபடி சொல்ல வேண்டாம்). சென்னை மெட்ரோ, ஒகேனக்கல் குடிநீர் எல்லாம் அவங்க காசு கலந்தது.

1998 மே 11, 13 சோதனைக்கு அப்புறம் ஜப்பான் என்ன செஞ்சது? புதுக் கடனை நிறுத்திடுச்சு. 2001 அக்டோபர் வரைக்கும். மூணு வருஷத்துக்கு மேல. ஆக ஒகாடா மிரட்டவே இல்லை. ஏற்கெனவே செஞ்சதை முன்கூட்டியே நேர்மையா எடுத்துச் சொன்னார். ஆபரேஷனுக்கு முன்னாடி நாங்க சொல்வோமே, "சிகரெட்டை விடலைன்னா இந்தக் கால் விரல் ஆறாது, அப்புறம் என்னைக் கேக்காதீங்க"ன்னு. அதைக் கேட்டு "நீ யாருடா என் சுதந்திரத்துல தலையிட?"ன்னு சண்டைக்கு வர்றவங்களும் உண்டு.

ஃபுகுஷிமா விபத்தால பேச்சு நின்னு, மறுபடி தொடங்கி, 2016 நவம்பர் 11-ல் டோக்கியோவில் மோடியும் அபேயும் முன்னிலையில் ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. 2017 ஜூலைல நடைமுறைக்கு வந்தது. ஒகாடாவோட நிபந்தனை என்ன ஆச்சு? ஒப்பந்தத்துக்குள்ள சோதனைங்கற வார்த்தையை வெச்சுச் சண்டை வேண்டாம்னு, தனியா ஒரு குறிப்பு போட்டாங்க. 2008 செப்டம்பர் 5-ல் பிரணாப் முகர்ஜி வெளியுறவு அமைச்சரா வெளியிட்ட அறிக்கைதான், அதாவது சோதனை நிறுத்தத்துல உறுதியா இருப்போம்ங்கறதுதான் இந்த ஒப்பந்தத்தோட அடிப்படை, அதை மீறினா ஒப்பந்தத்தை முறிச்சுக்கலாம்னு அந்தக் குறிப்பு சொல்லுது. ஜப்பான் அதைத் தன் மக்கள்கிட்ட "பாருங்க, நிபந்தனை இருக்கு"ன்னு காட்டிச்சு. நம்ம அதிகாரிகள் "அது ஜப்பான் தரப்புக் கருத்தைப் பதிவு செஞ்சது மட்டும்தான்"னு சொன்னாங்க. ரெண்டு வீட்டுலயும் கல்யாணம் நல்லபடியா முடிஞ்சது.

இங்கதான் எனக்கு இடிக்குது.

எம்பிபிஎஸ்ல ஃபைனல் இயர்லேருந்து எங்க மண்டையில அடிச்சு ஏத்தற ஒரு விதி: கேஸ் ஷீட்ல எழுதலைன்னா, நீ செய்யலை. ராத்திரி மூணு மணிக்கு ஓடிப்போய் நோயாளியைப் பார்த்திருக்கலாம், மருந்து கொடுத்திருக்கலாம். எழுதலையா? நாளைக்குக் கோர்ட்டுல நீ பார்க்கவே இல்லை. அடுத்த ஷிப்ட் டாக்டருக்கும் தெரியாது, அவர் வேற எதையாவது பண்ணி வைப்பார்.

1998 மே 13-க்கு அப்புறம் இந்தியா ஒரு சோதனையும் செய்யலை. வாஜ்பாய், மன்மோகன், மோடி, மூணு பேரும் அதைக் காப்பாத்தியிருக்காங்க. கட்சி வித்தியாசம் இல்லாம 27 வருஷத்துக்கு மேல. எவ்வளவு பெரிய நல்ல பழக்கம்! ஆனா அது எங்கே எழுதியிருக்கு? ஒரு அமைச்சரோட அறிக்கையில. ஒரு வெளிநாட்டுக் குறிப்புல, அதுவும் அது அவங்க கருத்துன்னு நாமே சொல்ற குறிப்புல. நம்ம சட்டப் புத்தகத்துல இல்லை. அடுத்த ஷிப்ட்ல வர்ற டாக்டர் ட்ரம்ப் மாதிரி ஒரு காலைப் பதிவுல மாத்திடலாம்.

நான் கேக்கறது சின்ன விஷயம். குண்டைக் கடல்ல போடுங்கன்னு கேக்கலை. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுங்கன்னும் கேக்கலை, அதுல சுப்ரமணியம் பக்கம் நியாயம் இருக்கு. சோதனைத் தடை ஒப்பந்தத்தை அமெரிக்காவே 1996-ல் கையெழுத்துப் போட்டு இன்னும் உறுதி செய்யலை, ரஷ்யா உறுதி செஞ்சதை 2023-ல் திரும்ப வாங்கிடுச்சு. அவங்க பண்ற நாடகத்துக்கு நாம ஏன் வரிசையில நிக்கணும்?

நம்ம நாடாளுமன்றத்துல, நம்ம மொழியில, ஒரே ஒரு விதி: நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாம எந்த அரசும் அணு வெடிப்புச் சோதனை நடத்தக் கூடாது. யாரும் வெளியிலேருந்து வந்து சொல்ல வேண்டாம். அடுத்த தடவை எந்த நாட்டு வெளியுறவு அமைச்சர் வந்து கேட்டாலும் சட்டப் புத்தகத்தைத் திறந்து காட்டலாம்.

இதைச் சொன்னதும் தம்பி ரெண்டு கேள்வி கேட்டார்.

முதல் கேள்வி, ரகசியம். 98-ல அமெரிக்க செயற்கைக்கோள் கண்ணுல மண்ணைத் தூவிட்டுச் செஞ்சோமே சார், நாடாளுமன்றத்துல பேசிட்டுச் செய்ய முடியுமா? முடியாது. அதான் நான் சொல்ல வர்றது. ரகசியமா மட்டுமே செய்ய முடியற ஒரு விஷயம் கஷ்டமாகட்டும்.

ரெண்டாவது கேள்வி சிக்கலானது: நாளைக்குச் சீனா வெடிச்சா? அப்போ நாடாளுமன்றம் கூடி முடிவெடுக்கட்டும்னு சொன்னேன். கூடி முடிவெடுக்கறதுக்குள்ள நாள் கடந்துடுமேன்னார். சோதனை ஒண்ணும் எமர்ஜென்சி ஆபரேஷன் இல்லையே, ஒரு மாசம் தள்ளிப்போனா யார் சாவாங்கன்னு கேட்டேன். தம்பிக்கு அந்தப் பதில் பிடிக்கலை. உண்மையைச் சொன்னா எனக்கே முழுசா பிடிக்கலை. சீனா வெடிச்ச மறுநாள் நம்ம நாடாளுமன்றம் நிதானமா யோசிக்கும்னு நான் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா ஒருத்தர் போன்ல முடிவெடுக்கறதைவிட 800 பேர் பதிவேட்டுல பேரைப் போட்டு முடிவெடுக்கறது எனக்குப் பரவாயில்லைன்னு தோணுது. அதுல நம்ம தொகுதி எம்.பி. பேரும் இருக்கும். எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டீங்கன்னு அவர்கிட்ட நேர்ல கேக்கலாம்.

கூடங்குளம் பத்தி ஏன் ஒரு வரியும் இல்லைன்னு கேக்கப் போறவங்களுக்கு: மின்சாரம் வேற, குண்டு வேற. ரெண்டையும் ஒரே த்ரெட்ல போட்டா ரெண்டுமே கெட்டுப் போகும். அதைத் தனியா எழுதறேன்.

ஹவுஸ் சர்ஜன் தம்பி இன்னும் என் கட்சிக்கு வரலை. சீனா கேள்வியை விரிவா கமெண்ட்ல போடச் சொல்லியிருக்கேன், போடுவார். நீங்களும் போடுங்க. நாளைக்கு எனக்கு ஓபி இருக்கு, திங்கட்கிழமைக் கூட்டம். பதில் சாயங்காலத்துக்கு மேலதான்.